தாமிரம் வேண்டாம்

உதிரிபாகக் கடைக்கார அம்மா எடுத்துப் போட்ட கார் வயரின் இரண்டு முனைகளிலும் மீட்டரின் ஊசிகளை அழுத்திப் பிடித்திருந்தபோது, தம்பிக்காரனின் போன் அடித்தது. ஒரு ஊசியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தான். அக்கா மகள்.

"மாமா, எங்க இருக்கீங்க?" காலையிலிருந்து அழுததில் குரல் கம்மிப்போயிருந்தது. "அம்மாவ பன்னெண்டு மணிக்கு வீட்டுக்குக் கொண்டு வராங்க. நாலு மணிக்கு எடுக்கணும்."

"வந்துட்டே இருக்கேம்மா."

"அப்பா போய் கார்ல உக்காந்துட்டாரு. இறங்க மாட்டேங்கறாரு."

"உக்காரட்டும் விடு. நாலு மணிக்கு அந்தக் கார் ஓடும். நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல என்பது அவன் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தை. முப்பது வருடமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன். சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிப்பவன் என்று பெயர் எடுத்திருந்தான். முடிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அக்காவின் காருக்கு ஸ்பார்க் பிளக் வயர் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்று விடிகாலையில் அக்கா போய்விட்டாள்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. இரண்டு கதவு, இரண்டு சீட்டு, மடக்குகிற துணிக் கூரை. மகளைவிட வயதில் மூத்த ஸ்போர்ட்ஸ் கார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு எதற்கு இப்படி ஒரு கார் என்று ஊரே கேட்டது. "நாள் பூரா உக்காந்தே இருக்கேன். உக்காந்துக்கிட்டே எங்கயாவது போகலாமேன்னுதான்" என்று சொல்லி அக்கா ஊரின் வாயை அடைத்துவிட்டாள். அத்தானுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டு அவருக்கு.

இப்போது அந்தக் காரின் வயர்களில் உறை வெடித்து, கரண்ட் வழியிலேயே கசிந்துகொண்டிருந்தது. சமதளத்தில் எப்படியோ ஓடும். மேட்டில் இருமி இருமி நின்றுவிடும். மயானமோ மேட்டின் உச்சியில் இருந்தது. அத்தான் காலையிலிருந்து பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான்: "நான் அவ வண்டிலதான் வருவேன்."

"எது சார் வேணும்?" என்றாள் கடைக்கார அம்மா. "ரெண்டு மணிக்குக் கடைய மூடிருவேன். இன்னிக்கு அரை நாள்தான்."

மேஜைமேல் இரண்டு செட் இருந்தது. ஒன்று கறுப்பு, மெல்லியது, உள்ளே கார்பன் இழை. இன்னொன்று சிவப்பு, தடியானது, உள்ளே சுத்தமான தாமிரக் கம்பி. மீட்டரில் கறுப்பு வயரின் தடை ஆயிரக்கணக்கில் எகிறியது. சிவப்பில் அது பூஜ்யத்தை ஒட்டியே நின்றது.

தம்பிக்காரனின் சட்டைப் பையில் மூன்று மாதத்துக்கு முந்தைய சீட்டு ஒன்று நாலாக மடிந்து கிடந்தது. அக்காவின் கையெழுத்து. *பிளக் வயர் நாலு, நடு வயர் ஒன்று. கார்பன் வகை. தாமிரம் வேண்டாம்.* கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

வேலை நின்றுபோனதே அந்த இரண்டு கோட்டால்தான். "இவ்வளவு தடை இருக்கறது வயரா, வேலியா? கரண்ட் எப்படிப் போகும்? யாராவது கேட்டா என்னைப் பாத்து சிரிப்பாங்க" என்று அவன் குதித்தான். அக்கா அசரவில்லை. "நான் கேட்டத வாங்கிட்டு வா. உன் மீட்டருக்குக் காது இல்லடா" என்றாள். காரணம் சொல்லவில்லை. போர்டில் உட்கார்ந்து ஆயிரம் பேருக்கு லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு, யாரிடமும் காரணம் சொல்லிப் பழக்கமில்லை. இவனும் இறங்கி வரவில்லை. இரண்டு பேரும் மூன்று மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். நடுவில் ஒரு திங்கட்கிழமை அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்தது.

"பழைய வண்டின்னா கறுப்புதான் சார் கேட்டு வாங்குவாங்க" என்றாள் கடைக்கார அம்மா.

"எனக்கே கரண்ட் பத்திப் பாடமா?" என்று சிரித்துவிட்டு சிவப்பைக் கையில் எடுத்தான். எடுத்த பிறகு ஒரு மாதிரியாக இருந்தது. அக்கா பதில் பேச முடியாத நேரம் பார்த்து வாதத்தில் ஜெயித்தது போல இருந்தது. ஆனால் வண்டி மேடு ஏற வேண்டுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

வீட்டு ஷெட்டில் அத்தான் தன் பக்கத்து சீட்டில், இஸ்திரி போட்ட சட்டையில், சீட் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மணி நேரம் அத்தான்."

"சரி மச்சான்."

ஒரு வயரைக் கழற்றி, அதே அளவில் புது வயரை மாட்டி, பிறகுதான் அடுத்ததைத் தொட்டான். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு முழிக்கிற ஆள் அவன் இல்லை. ஐந்தாவதையும் 'டக்' என்று அழுத்தி மாட்டி முடித்தபோது முன்வாசலில் ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அவன் போய் அக்காவை இறக்கக் கைகொடுத்தான். கூடத்தில் கிடத்தி, நெற்றியில் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, "இதோ ஸ்டார்ட் பண்ணிடறேன்" என்று மெதுவாகச் சொன்னான். மகள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, உதறல் இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கோபக்காரன் மாதிரி உறுமியது. தம்பிக்காரனுக்கு அந்த நாளிலும் ஒரு சந்தோஷம் வந்தது. "பாத்தீங்களா அத்தான்? தாமிரம்னா தாமிரம்தான்!"

அத்தான் தலையாட்டினார். கை தானாக நீண்டு ரேடியோவின் குமிழைத் திருகியது. வண்டியோடு வந்த பழைய ரேடியோ. கிளம்பும்போது அதைப் போடுவது அவர் வேலை. அந்த வண்டியில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு வேலைதான்.

ரேடியோவில் யாரோ ஒரு பெண் பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியவில்லை. குரலுக்கு மேலே கரகரவென்று ஓர் இரைச்சல். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இரைச்சலும் ஏறியது, விட்டால் இறங்கியது.

அத்தான் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"அவ இதக் கேட்டிருந்தா லைன கட் பண்ணிருப்பா" என்றார். பிறகு, "பரவால்ல மச்சான். வண்டி ஓடுதுல்ல, அது போதும்" என்று சொல்லி குமிழைத் திருகி அணைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

தம்பிக்காரனுக்கு முகம் சுருங்கிப்போனது. விளக்கு சுவிட்சைத் தட்டினால் ரேடியோவில் டப்பென்று கேட்பதை அவன் ஆயிரம் வீட்டில் கேட்டிருக்கிறான். இங்கே நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் பொறி பறக்கிறது. அதன் இரைச்சலை விழுங்கத்தான் கறுப்பு வயரில் அந்தத் தடை. முப்பத்தோரு வருடம் லைனில் சின்னக் கரகரப்பு வந்தாலும் பொறுக்காதவள், தாமிரம் வேண்டாம் என்று இரண்டு கோடு போட்டிருக்கிறாள். கரண்ட் பற்றி எல்லாம் தெரிந்தவனுக்கு இது தோன்றவில்லை. மூன்று மாதத்தில் ஒருநாள், "ஏன்க்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவனுக்கு அவமானமாக இருந்தது.

மணி ஒன்றரை. இன்ஜினை அணைத்து இறங்கினான்.

"எங்க மச்சான்?"

"அக்கா சொன்னத வாங்கிட்டு வரேன்."

கடைக்கார அம்மா ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். அவன் குனிந்து உள்ளே போனதும், கறுப்பு செட்டை எடுத்து நீட்டினாள். மேஜையின் ஓரத்திலேயே அது தயாராக இருந்தது. "எப்படியும் வருவீங்கன்னு தெரியும்" என்றாள்.

திரும்பி வந்து சூடான இன்ஜினில் கை சுடச் சுட மறுபடி ஒவ்வொன்றாக மாற்றினான். இந்தத் தடவை மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. மூன்றே முக்காலுக்கு அமரர் ஊர்தி வந்தது. நாலு மணிக்கு அக்காவைத் தூக்கி ஏற்றிவிட்டு ஓடிவந்து, அவள் சீட்டில் உட்கார்ந்தான். சீட்டு அவனுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது. முழங்கால் இடித்தது. அதைப் பின்னுக்குத் தள்ள அவனுக்கு மனம் வரவில்லை.

"போடுங்க அத்தான்."

அத்தான் ஒரு கணம் தயங்கிக் குமிழைத் திருகினார். ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. தம்பிக்காரன் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

மேட்டில் முன்னால் போன ஊர்தி வேகம் குறைந்து திணறியது. சின்னக் கார் திணறவில்லை. அதற்குப் பின்னாலேயே, இடைவெளி விட்டு, அடக்கமாக ஏறியது.

உச்சியில் நிறுத்தியதும் அவன் சாவியை ஒரே ஒரு படி மட்டும் பின்னுக்குத் திருப்பினான். இன்ஜின் நின்றது, ரேடியோ நிற்கவில்லை. ஊர்தியின் கதவைத் திறந்துவிட்டு அக்கா மகள் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"மாமா, இறங்கலையா?"

தம்பிக்காரன் அவளுக்குக் கையைக் காட்டினான், ஒரு நிமிஷம் என்று. ரேடியோவில் அந்தப் பெண் செய்தியை முடித்து வானிலைக்கு வந்திருந்தாள். நாளைக்குக் காற்று மேற்கிலிருந்து வீசுமாம், மழை இருக்காதாம். அத்தான் குமிழின்மேல் விரலை வைத்தபடி, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.