பிரேக்கில் கால் இல்லை

பச்சை விளக்கு விழுந்ததும் அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. டாஷ்போர்டில் பல்சக்கரம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பின்சீட்டில் மகள், "மறுபடியுமாம்மா?" என்றாள்.

மறுபடிதான். இரண்டு மாதத்தில் ஆறாவது தடவை.

கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் அது. ஆறு தடவையும் ஒரே கதை. முக்கால் மணி நேரம் ஓடி வண்டி நன்றாகச் சூடேறியிருக்கும். சிக்னலில் நின்று புறப்படும்போது கியர் பிடிக்காது. பத்து நிமிடம் அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள். தேதி, நேரம், ஓடிய தூரம் என்று குறித்து வைப்பது கைப்பழக்கம். அந்தச் சீட்டைக் கணவரிடம் காட்டினாள்.

"வண்டியை வார்டுல அட்மிட் பண்ணிட்டியா?" என்று சிரித்தார் அவர்.

அவர் ஓட்டினால் அந்த விளக்கு எரிவதில்லை. அவர் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை, கால் மணி நேரத் தூரத்துக் கடைக்கு. அதற்குள் வண்டிக்கு வியர்க்கக்கூட நேரமில்லை. இதையும் அவள் சொன்னாள். அவர் பேப்பரைப் புரட்டினார்.

சர்வீஸ் சென்டர் சூப்பர்வைசர் இன்னும் ஒரு படி மேல். இரண்டு தடவை வண்டி அங்கே போனது. இரண்டு தடவையும் ஸ்கேனரைச் செருகினார், பழுதைக் காட்டும் கோட் எண் வந்தது, அதை அழித்தார், விளக்கு அணைந்தது. நோயாளியின் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நோய் குணமாகிவிட்டது என்கிற வைத்தியம். அவளுடைய லேபில் அப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். இங்கே ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்தே போட்டிருந்தார்: 'வண்டியில் குறை இல்லை. ஓட்டுபவருக்கு விளக்கப்பட்டது.' ஓட்டுபவருக்கு அங்கே விளக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான், நாற்காலி எங்கே இருக்கிறது என்பது.

மற்ற விளக்கமெல்லாம் கணவருக்கு. "மேடம் ரெண்டு காலையும் வெச்சு ஓட்டறாங்க போல சார். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதே பிரேக்கையும் மிதிக்கிறாங்க. லேடீஸ்கிட்ட இது சகஜம்."

கொடுமை என்னவென்றால், அவளே கொஞ்சம் நம்பிவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறவள், ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, இடது காலைச் சீட்டோடு ஒட்டி மடக்கிக்கொண்டு ஓட்டிப் பழகினாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

லாரிக்காரர் சம்பவத்தைக் கேட்ட கணவர் முடிவாகச் சொன்னார்: "இந்தத் தடவையும் வண்டியில ஒண்ணும் இல்லைன்னா சாவியைக் குடுத்துடு. குழந்தை வேற கூட வர்றா. நீ பஸ்ல போ."

விடிகாலை ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. சாவி போனால் வேலை போகும். அது அவருக்கும் தெரியும்.

மூன்றாவது தடவை சூப்பர்வைசர் ஸ்கேனரைச் செருகினார். கோட் வந்தது. விரல் வழக்கம்போல் அழிக்கப் போனது.

"கையை எடுங்க," என்றாள் அவள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்து வண்டியில் வயரைப் பிரித்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சார்கிட்ட பேசிக்கிறேனே மேடம்."

"சார் அன்னிக்கு வண்டியிலயே இல்ல. நான் இருந்தேன். கோட் விழுந்த நிமிஷத்துல வண்டி என்ன நிலைமையில இருந்துச்சுன்னு உள்ள பதிவாகியிருக்கும். ரெண்டு தடவையும் நீங்க அதைத்தான் அழிச்சீங்க. இப்ப திறந்து காட்டுங்க."

"அதெல்லாம் டெக்னிக்கல், மேடம்."

"நானும் டெக்னீஷியன்தான். திறங்க."

கணவர் அவள் முழங்கையைத் தொட்டார். "விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க. ரெண்டு மாசமா ஒருத்தரும் பாக்கலைன்னுதானே வந்திருக்கேன்."

எலெக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்கேனரை வாங்கினார். நாலு தட்டு தட்டிவிட்டு வாய்விட்டுப் படித்தார். "ஸ்டார்ட் பண்ணி நாப்பத்திநாலு நிமிஷம். கியர் ஆயில் நூத்திப்பத்து டிகிரி. வேகம் பூஜ்யம். ஆக்சிலரேட்டர் இருபது சதவீதம். பிரேக்..." நிறுத்தி, சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்தார். "பிரேக்குல கால் இல்ல."

பிறகு அவள் பக்கம் திரும்பி, "சூடானா மட்டும்தான் வருதாங்க?" என்று கேட்டார். இரண்டு மாதத்தில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. அவள் சீட்டை நீட்டினாள். அவர் முழுசாகப் படித்தார். பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸுக்குப் போகும் வயர் பிளக்கைக் கண்டுபிடித்து, சூடான காற்றை அடிக்கும் கருவியை அதன்மேல் காட்டினார். மூன்றாவது நிமிஷம் மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜினை அணைத்து ஆறவிட்டு மறுபடி கிளப்பியபோது விளக்கு எரியவில்லை.

"உள்ள பின்னு தளர்ந்திருக்கு. சூடானா விட்டுடுது, ஆறினா ஒட்டிக்குது. இவங்க சொன்னதை மொத நாளே எழுதியிருந்தா அரை மணி நேர வேலை."

சூப்பர்வைசருக்குத் திடீரென்று எங்கோ போன் வந்துவிட்டது. கணவர் தொண்டையைக் கனைத்தார். "சாரிம்மா. மெஷினே சொல்லிடுச்சு. இப்ப நம்பறேன்."

அங்கேதான் அவளுக்கு நிஜமான கோபம் வந்தது.

"மெஷின் சொல்லித்தான் நம்புவீங்கன்னா, அது மெஷின் மேல உள்ள நம்பிக்கைங்க, என் மேல இல்ல. வண்டியில ஒரு விளக்கு எரிஞ்சா மூணு பேர் குனிஞ்சு பாக்கறீங்க. கூடவே இருக்கிறவ வாயைத் திறந்து சொன்னா அது புலம்பல். நாளைக்கு எனக்கு நெஞ்சு வலிக்குதுன்னா, மண்டையில விளக்கு எரியட்டும்னு காத்திருப்பீங்களா? பொம்பளை சொல்றதை மொத தடவையே காதுல வாங்குங்க. சாட்சி கேட்டுட்டு உக்காந்திருந்தா ஒரு நாள் லாரி வந்து சாட்சி சொல்லும்."

அவர் முகம் சிறுத்துப்போனது. அவர் கெட்டவர் இல்லை. காது கேட்கிற, ஆனால் கேட்டுப் பழகாத மனிதர். மெல்லக் கேட்டார்: "வேற என்னல்லாம் சொல்லி நான் கேக்கல?"

"உக்காருங்க," என்றாள் அவள். "நிறைய இருக்கு."

அவர் உட்கார்ந்தார்.