தோரில் வைத்த நாற்காலி

அன்று பட்டறையில் இருந்தவர்கள், உட்கார்ந்திருந்த வரிசைப்படி: கதவுக்கு நேர் எதிரே, ஜன்னலடியில், தோரில், புது நாற்காலியின் மேல் எல்லோருக்கும் மூத்த ஜூரா எஜே, அதாவது ஜூரா அக்கா. அவருக்கு வலப்பக்கம் முதலாளி புருல். இடப்பக்கம் கணக்கும் கடிதமும் பார்க்கிற நான், அஸில்கான். கதவோரம், தையல் மெஷினுக்கு முன்னால், பழைய முக்காலியில் கன்ஷாய். நடுவில் ஆட்டிறைச்சி, ரொட்டி, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக். மறுநாள் மாஸ்கோ போகிற கன்ஷாய்க்கு வழியனுப்பு விருந்து அது.

எங்கள் ஊரான கொச்கோரில் எந்த வீட்டிலும் தோர் என்கிற மரியாதை இடம் மூத்தவருக்கு. விருந்தாளி வந்தால் விருந்தாளிக்கு. சின்னவள் கதவோரம். கம்பளிச் செருப்பு தைக்கிற பட்டறை என்பதற்காக அதை மாற்ற முடியாது.

நாற்காலி வந்தது வசந்தத்தில். சின்னப் பட்டறைகளுக்கு உதவுகிற ஓர் அமைப்பிலிருந்து நூர்தின் என்பவர் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்து, டேப்பை வைத்து எங்கள் முழங்கை, முழங்கால் எல்லாம் அளந்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு வரைபடமும் போட்டார். ஜூரா எஜே மட்டும் அளக்க விடவில்லை. கன்ஷாய் நாள் முழுக்கக் கழுத்தை மடக்கித் தைக்கிறாள், வெளிச்சம் போதவில்லை, கதவுக் காற்று வேறு கழுத்தில் அடிக்கிறது, அதனால்தான் அவள் விரல்கள் மரத்துப்போகின்றன என்றார் நூர்தின். உயரம் கூட்டிக் குறைக்கிற நாற்காலி ஒன்றை முதலில் அனுப்புவதாகவும், அது பயன்படுகிறது என்று படத்தோடு எழுதினால் மற்றவர்களுக்கும் வரும் என்றும் சொன்னார்.

வந்ததும் பார்த்தோம். பட்டறையிலேயே நல்ல பொருள் அதுதான். அதைக் கதவோரம் வைத்துச் சின்னவளை உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, கன்ஷாய்க்கும்கூட. தோரில் வைத்து, பூப்போட்ட மெத்தை விரித்து, ஜூரா எஜேயை ஏற்றினோம். அவர் வேலை குஞ்சம் கட்டுவது. அதற்கு நாற்காலி தேவையில்லை. கால் தரையில் படவில்லை. மூத்தவரைக் கீழே இறக்குவதா என்று புருல் உயரத்தைக் குறைக்கவும் விடவில்லை. அது சுழல்கிற நாற்காலி. ஜூரா எஜே புருலிடம் தொடங்குகிற பேச்சு பெரும்பாலும் ஜன்னலைப் பார்த்தபடிதான் முடியும்.

கோடையில் கன்ஷாயின் இரண்டு விரல்களுக்கு உணர்வே போய்விட்டது. ஊசி விழுந்தது அவளுக்குத் தெரியாது. தைக்க முடியாதவளுக்குக் கொச்கோரில் வேறு வேலை இல்லை. மாஸ்கோவில் ஒரு கிடங்கில் அண்ணன் இடம் பார்த்துவைத்திருந்தான். மகளைத் தாயிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். போக இஷ்டமில்லை என்று அவள் சொல்லவில்லை. மகளுக்குக் குளிர்காலப் பூட்ஸ் வாங்கினாள், இந்த வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்குமாக இரண்டு ஜோடி.

விருந்தில் இறைச்சியைத் தொடுவதற்கு முன் ஜூரா எஜே என் கையையும் புருல் கையையும் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினார்.

"கன்ஷாய், இங்க வா. இன்னிக்கு நீதான் விருந்தாளி. தோர் உன்னோடது."

"வேணாம் எஜே, நான் இங்கயே இருந்துக்கறேன்."

"எங்க உக்காரணும்னு விருந்தாளி சொல்லக்கூடாது."

கன்ஷாய் உட்கார்ந்தாள். புருல் அவள் உயரத்துக்கு நாற்காலியைச் சரிசெய்தார். ஜூரா எஜே தரையில் மெத்தை போட்டு, காலை நீட்டிக்கொண்டார். அவ்வளவு நிம்மதியாக அவரை வசந்தத்துக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. விருந்தாளிக்குப் பொழுது போக வேண்டும் என்று மெஷினையும் மேசையையும் அவள் முன்னால் இழுத்துவைக்கச் சொன்னார். மேசைக் காலுக்கடியில் செங்கல் கொடுத்தோம். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் ஒரு ஜோடி தைத்தாள். நூர்தின் சொன்னபடி கழுத்து நேராக நின்றது. சாயங்காலம் எழப் போனாள்.

"எங்க கிளம்பற? நாங்க இன்னும் வழியனுப்பல."

"எப்ப அனுப்புவீங்க எஜே?"

"இறைச்சி இன்னும் இருக்குல்ல."

மறுநாள் அவள் மாஸ்கோ போகவில்லை, பட்டறைக்கு வந்தாள். அன்றும் இறைச்சி இருந்தது. அண்ணன் போன் பண்ணினால் அவள் விருந்தில் இருக்கிறாள் என்று புருல் சொல்லிவிடுவார். விருந்தாளி தேநீர் ஊற்றக்கூடாது என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. ஆப்பிள் பழுக்கிற சமயத்தில் ஒருநாள் ஊசி கீழே விழ, கன்ஷாய் தானே குனிந்து அதை எடுத்தாள். அன்று புருல் ஒரு முழு ஆடு வாங்கினார்.

பிறகு நூர்தினுக்கு எழுதினேன். நாற்காலி பயன்படுகிறது, படம் இணைத்திருக்கிறேன். உங்கள் வரைபடத்தில் உள்ள ஆள்தான் உட்கார்ந்திருக்கிறாள், இடம் மட்டும் வேறு. மற்ற நாற்காலிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்று கொஞ்சம் நன்றாக இருந்தாலும் அதற்கும் இதே கதிதான். ஜூரா எஜே தமக்கு வேண்டாம் என்று தனியாக எழுதச் சொன்னார், எழுதியிருக்கிறேன்.

உறையை ஒட்டினேன். பிஷ்கெக் வேன் வந்ததும் டிரைவரை வாசலிலேயே நிறுத்தினேன். உள்ளே விட்டால் அவரும் விருந்தாளி, தோர் அவருக்குப் போய்விடும். ரொட்டியும் கடிதமும் கையில் கொடுத்து, குளிருகிறது, சீக்கிரம் கிளம்புங்கள் என்றேன்.