யாரும் பயன்படுத்தாத அட்டை

முகம் பாராமலே ஒருவரோடொருவர் சண்டையிட்டுக்கொண்டு, யூனிக்ஸ் வழிவந்த ஓர் இயங்குதளத்தை ஆண்டுக்கணக்கில் செதுக்கிவரும் கூட்டத்தில் அவனுக்குத் துடைப்பம் என்று பெயர். அந்த இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் புதிதாக எதையேனும் சேர்த்துவிட வேண்டும் என்று மற்றவர்கள் முட்டிமோதுகையில், அவன் மட்டும் இருப்பதை நீக்குவதில் இன்பம் கண்டான். தான் எழுதிய வரிகளைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை. அழித்த வரிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விருந்தாளிகள் செருப்பைத் தேடுவார்கள்.

அண்மையில் அவன் பெருக்கித் தள்ளியது ஒரு டிரைவரை. கணினிக்குள் செருகப்படும் பழங்கால இணைப்பு அட்டை ஒன்றோடு கெர்னல் பேசுவதற்கென யாரோ எப்போதோ எழுதிவைத்த நிரல் அது. அதைப் பராமரிக்க ஆளில்லாததால், பொறுப்பாளர்களின் பெயர் வரிசையில் அதற்கு நேரே அநாதை என்று குறித்திருந்தார்கள். இப்படிப்பட்டதை நீக்குவதற்கு அக்கூட்டத்தில் ஒரு முறை உண்டு. கூட்டத்தார் அனைவருக்கும் மின்மடல் போய்ச்சேரும் மடற்குழுவில், எல்லோரும் காண, 'இதை யாராவது பயன்படுத்துகிறீர்களா?' என்று கேட்க வேண்டும். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் யாரும் பயன்படுத்தவில்லை என்று பொருள். துடைப்பம் கேட்டான், பொறுத்திருந்தான், சத்தமில்லை. நீக்கிவிட்டான்.

கெர்னலில் அந்த டிரைவர் இருந்த பகுதி முழுவதற்கும் பொறுப்பாளர், கூட்டமே பெரியப்பா என்று அழைக்கும் ஒருவர். வயதால் வந்த பட்டமல்ல, கடுகடுப்பால் வந்தது. அவரே மனம் குளிர்ந்து, இந்தப் பதிப்பு வெளியானதும் பொறுப்பைத் துடைப்பத்திடம் ஒப்படைக்கப்போவதாக அறிவித்திருந்தார். அன்று முதல் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவன் வேலை செய்யும் அறைக்கு நேர் கீழே மனைவியின் கடை. கண்ணாடிக் கதவுகளிலும் பலகைகளிலும் ஒட்டுவதற்கு எழுத்து வெட்டித் தரும் கடை. ஒட்டுத்தாளை உள்ளே இழுத்து, சிறு கத்தியால் எழுத்தெழுத்தாக வெட்டும் இயந்திரம் அங்கே உண்டு. வெட்டிய தாளில் வேண்டாத பகுதிகளைச் சாமணத்தால் உரித்தெடுப்பது அவன் மாமியாரின் வேலை. சுழிக்குள் மாட்டிய பொடித்துணுக்கைக்கூட எழுத்து சிதையாமல் எடுத்துவிடுவார். மாப்பிள்ளையின் பேச்சில் இருக்கும் ஓட்டைகளையும் அப்படித்தான்.

அன்று காலை இயந்திரம் அசையவில்லை. மறுநாள் திறக்கவிருந்த பல் மருத்துவமனைக்கு வாசல் கண்ணாடி தொடங்கிக் கழிவறைக் கதவு வரை எழுத்து வெட்டியாக வேண்டும். அந்தி சாய்வதற்குள் ஒட்டித் தருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். கீழிருந்து குரல் கொடுத்தாள். துடைப்பம் படியில் பாதி இறங்கி, எட்டிப் பார்த்து, கேபிள் போயிருக்கும் என்றான். மாற்றிப் பார்த்தாயிற்று என்றாள். அப்படியானால் மாற்றிய கேபிளும் போயிருக்கும் என்றான். கெர்னலில் கோளாறு இருந்தால் மடற்குழுவில் மடல் வந்திருக்குமே, மடல் வராத கோளாறு கோளாறே இல்லை என்று, வீட்டில் குழாய் ஒழுகினாலும் சொல்லும் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனான்.

அவள் அவன் சொன்னபடியே செய்தாள்.

சிறிது நேரத்தில் மடற்குழுவில் புதிய மடல் ஒன்று வந்து விழுந்தது. சோதனைப் பதிப்பைப் போட்டதிலிருந்து தன் எழுத்து வெட்டும் இயந்திரத்தைக் கணினி கண்டுகொள்வதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அட்டையின் பெயர், பதிப்பு எண், திரையில் வந்த பிழைச்செய்தி எல்லாம் ஒழுங்காக இருந்தன. துடைப்பம் மெச்சிக்கொண்டே படித்தான். கடைசி வரியில்தான் அவன் முகத்தில் ஈயாடவில்லை: 'கேபிள் என்கிறார் என் கணவர். அவரும் உங்கள் கூட்டத்தில்தான் இருக்கிறாராம். உங்களில் யாருக்காவது வேறு யோசனை உண்டா?'

கடைக் கணினியை அமைத்துக் கொடுத்தவன் அவன்தான். வாரந்தோறும் புத்தம்புதிய சோதனைப் பதிப்பைத் தானாகவே இழுத்துக்கொள்ளும்படி பெருமையோடு ஏற்பாடு செய்தவனும் அவன்தான். பழைய பதிப்புகள் வெறும் குப்பை என்று அவற்றைத் துப்புரவாக அழித்தவனும் அவனேதான். அந்த இயந்திரம் எந்த அட்டையில் மாட்டியிருக்கிறது என்று பார்க்க மட்டும் தோன்றவில்லை. அது ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. செய்திருந்தால் அல்லவா பார்த்திருப்பான்.

பெரியப்பாவின் பதில் வந்தது. 'இந்த அட்டையை யாரும் பயன்படுத்தவில்லை என்று சொன்னது யார்?' அவருக்கு விடை தெரியும். தெரிந்தே கேட்பதுதான் அவர் வழக்கம்.

துடைப்பம் படிகளில் ஓசையின்றி இறங்கினான். மனைவியின் அருகில் குனிந்து, கடைக் கணினியை மட்டும் உடனே சரிசெய்து தருவதாகவும், அதற்குப் பதிலாக, கோளாறு கேபிளில்தான் இருந்தது என்று மடற்குழுவுக்கு அவள் ஒரு வரி எழுதினால் போதும் என்றும் கிசுகிசுத்தான். பொறுப்பு கைக்கு வரும் நேரம், மானம் போய்விடும் என்று கெஞ்சினான்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"என் மெஷினுக்கு நீங்க இருக்கீங்க. இதே அட்டையை வச்சிருக்கிற மத்தவங்க வீட்டுல எல்லாம் யாரு மாடியிலேர்ந்து இறங்கி வருவா?"

மாமியார் சாமணத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"விடும்மா. உலகத்தையே பெருக்குறவரு. பெருக்குறப்ப நம்ம கடை காலடியில இருந்திருக்கு, என்ன பண்ணுவாரு பாவம்."

துடைப்பம் மேலே போனான். நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரும் திருத்தத்தை எழுத அதிக நேரம் ஆகவில்லை. அதற்கான விளக்கத்தை எழுதத்தான் விரல்கள் மறுத்தன. 'ஒரு பயனர் தெரிவித்த சிக்கல்' என்று முதலில் எழுதினான். அழித்தான். வாழ்நாளில் முதன்முறையாக அழிப்பது அவனுக்கு இனிக்கவில்லை. நீக்கியது தானே என்றும், தெரிவித்தவர் தன் மனைவி என்றும், கேபிளின் மீது பழி போட்டது தவறு என்றும் எழுதி, எல்லோரும் காண அனுப்பினான்.

சோதித்துப் பார்த்தவர் ஒப்புதல் தராமல் திருத்தம் உள்ளே போகாது என்பதும் அக்கூட்டத்தின் முறை. புதிதாகத் தொகுத்த கெர்னலைக் கடைக் கணினியில் ஏற்றினான். இயந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டு தாளை உள்ளே இழுத்தது. ஒப்புதல் கேட்டபோது அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"முழுசா சோதிக்க வேணாமா? கண்ணாடியில ஒட்டி முடிச்சாத்தான் எனக்குத் திருப்தி. ஏணியைத் தூக்குங்க."

அந்தி வரை அவன் ஏணி பிடித்தான், கண்ணாடி துடைத்தான், 'வலியின்றிப் பல் பிடுங்கப்படும்' என்பதை அவள் ஒட்டியபின் குமிழி இல்லாமல் தேய்த்துவிட்டான். திரும்பும் வழியில், கைப்பேசியிலேயே, அவள் ஒப்புதலை அனுப்பினாள்.

பெரியப்பா திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். கூடவே ஒரு குறிப்பு: 'பொறுப்பு ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தேன். இப்போதைக்கு இந்த டிரைவரை வைத்துக்கொள்ளவும். இனி இது அநாதை இல்லை. பகுதியைப் பற்றி அடுத்த பதிப்பின்போது பேசலாம், வீட்டில் புகார் வராமல் இருந்தால்.' நீக்குவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு, நீக்கவே கூடாத ஒன்று கழுத்தில் விழுந்தது.

மறுநாள் அவன் அறைக் கதவில், வெட்டி மிஞ்சிய சிவப்புத் தாளில், மாமியார் உரித்துச் சுத்தமாக்கிய எழுத்துகள் ஒட்டியிருந்தன: 'பெருக்குமுன் கீழே கேட்கவும்'. நகத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தான். அசையவில்லை. வெயில் மழைக்கு அசையாத தாளைத்தான் மனைவி தேர்ந்தெடுத்திருந்தாள்.

உள்ளே போய், அடுத்து நீக்கலாம் என்று குறித்துவைத்திருந்த டிரைவரைத் திறந்தான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து, படியிறங்கினான்.