சொந்த விருப்பத்தின் பேரில்

காலை ஒன்பதேகாலுக்கு, துறைத் தலைவர் ஸ்ரீதர் சார் ஒரு பெயர்ப் பட்டியலையும் பத்தொன்பது வெள்ளைத் தாள்களையும் வேணியிடம் நீட்டினார்.

"வெப் டிசைன் ஓரியன்டேஷன் முடிஞ்சதும் இந்தப் பத்தொம்பது பேர்கிட்டயும் எழுதி வாங்கிடுங்கம்மா. வாசகம் பட்டியல் மேலயே இருக்கு."

வாசகம் வேணிக்குப் புதிதல்ல. 'எனது சொந்த விருப்பத்தின் பேரில் வலை வடிவமைப்புப் பாடத்திலிருந்து விலகி, அலுவலகக் கணினிப் பயிற்சியில் சேருகிறேன்.' ஏழு வருடத்துக்கு முன், முசிறி பஸ்ஸில் வந்து இறங்கி, வேறொரு கல்லூரியில் அவளே இப்படி ஒன்று எழுதிக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டவளுக்குக் கார்ப்பரேட் செகரட்டரிஷிப் கிடைத்தது. எழுதச் சொன்னவரின் முகம் மறந்துவிட்டது. பேனாவையும் அவரே எடுத்துக் கொடுத்தார், அது மறக்கவில்லை. பிறகு எம்.சி.ஏ. சேர்ந்துதான் அவளால் கம்ப்யூட்டர் பக்கம் வர முடிந்தது.

"யார் சார் இவங்க?"

"வீட்டுல லேப்டாப் இல்லாதவங்க. தமிழ் மீடியம். எல்லாம் முதல் பட்டதாரி சர்டிபிகேட் கொடுத்துச் சேர்ந்ததுங்க. பாவம், எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?"

பாவம் என்ற சொல்லைக் கேட்டால் வேணிக்குக் காதுமடல் சுடும்.

"நானும் முதல் பட்டதாரிதான் சார்."

"நீங்க எக்ஸப்ஷன்மா." பாராட்டுவதாக நினைத்துத்தான் அவர் சொன்னார். "நாலு மணிக்குள்ள லெட்டர் வந்துடணும். லிஸ்ட் பிரின்சிபாலுக்குப் போகுது. உங்க கான்ட்ராக்ட் ரினிவலும் அதே ஃபைல்லதான் போகுது."

கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்து மூன்று மாதமே ஆனவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

லேபில் நாற்பத்துமூன்று பேர் இருந்தார்கள். யாரும் சொல்லாமலே லேப்டாப் பைகள் முன்வரிசையிலும், துணிக்கடைப் பைகள் பின்வரிசையிலும் உட்கார்ந்திருந்தன. அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து வீரமலை எழுந்தான். துறையூர்ப் பக்கத்துப் பையன்.

"மேம், அந்த லெட்டரை இப்பவே எழுதிக் குடுத்துடவா? மத்தியானப் பஸ்ஸைப் புடிச்சுருவேன்."

"எந்த லெட்டர்?"

"சீனியருங்க சொன்னாங்க மேம். பின்னாடி உக்காந்தா எழுதணுமாம்."

வேணிக்குச் சுருக்கென்றது. ஓரியன்டேஷனுக்கு முன்பே ஓரியன்டேஷன் நடந்துவிட்டிருக்கிறது.

"எழுதலாம். எதை வேணாங்கறோம்னு ஒரு தடவை பாத்துட்டு எழுதுங்க."

துறையின் வலைத்தளத்தைத் திரையில் போட்டாள். வருடா வருடம் ஸ்ரீதர் சார் காட்டுவது இதைத்தான். ஏதோ ஒரு பழைய செட் டாப்பர் செய்தது. இந்தத் தரம் வேண்டுமென்றால் இங்கிலீஷும் லேப்டாப்பும் வேண்டும் என்பார். வேணி அந்தப் பக்கத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, அதன் உள்ளே எழுதியிருந்ததைத் திறந்தாள். திரை முழுக்கக் குறிகளும் அடைப்புகளுமாக இறங்கின.

"யம்மாடி, நான் லெட்டரே எழுதிடறேன்" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"புரியாததை விடுங்க. படிக்க முடியறதை மட்டும் சத்தமாப் படிங்க."

எல்லோரும் திரையை உற்றுப் பார்த்தார்கள். கடைசியில் சகாயராணி எழுந்தாள். பாலக்கரையில் அப்பாவின் டிபன் கடையில் பார்சல் கட்டிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவள்.

"மணமகள் அறை, ஏ.சி. வசதியுடன்."

"ஏய், விளையாடாத."

"சத்தியமா மேம். ஸ்ரீதர் சார் போட்டோ இருக்குல்ல, அதுக்கு எழுதியிருக்கு."

வேணி திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. அதற்குள் வீரமலை பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான்.

"மேம், கீழ பாருங்க! லைப்ரரி படத்துக்குப் 'பந்திக் கூடம், ஒரே நேரத்தில் ஐநூறு பேர்'!"

"அதான்டா லைப்ரரில எல்லாரும் தூங்கறானுங்க. சாப்ட்ட மயக்கம்!" என்றது இன்னொரு குரல்.

லேப் அதிர்ந்தது. முன்வரிசையும் சேர்ந்தே சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று வேணி காத்திருந்தாள்.

"இது யாரோ கல்யாண மண்டபத்துக்குப் போட்ட பக்கம். படத்தை மாத்தினவங்க, படத்துக்கான விவரத்தை மாத்தல. கண்ணு தெரியாதவங்க இந்தப் பக்கத்துக்கு வந்தா, அவங்க போன் அந்த விவரத்தைத்தான் வாசிச்சுக் காட்டும். நம்ம சார் எடத்துல மணமகள் அறைன்னு சொல்லும்."

"நாங்க இத்தனை நாளாப் பாக்கவே இல்லையே மேம்" என்றான் முன்வரிசைச் சித்தார்த்தன்.

"நானும்தான் பாக்கல. மூணு மாசமாத் தெனம் திறக்கறேன்."

பக்கத்தைப் பிரதி எடுத்து, சகாயராணியைக் கணினி முன் உட்கார வைத்தாள். மணமகள் அறையை அழித்துவிட்டு துறைத் தலைவருக்கு எச்.ஓ.டி. என்று அடிக்கச் சொன்னாள்; அந்தப் பெண் ஒற்றை விரலால் மூன்று எழுத்தையும் தேடித் தேடித் தட்டினாள்.

"இவ்ளோதானா மேம்?"

"இவ்ளோ மட்டும் இல்ல. கஷ்டம்தான். ரெண்டாவது மாசம் என்னைத் திட்டுவீங்க. ஆனா லேப்டாப் இல்லைங்கறது ஒரு காரணமே இல்ல. நான் நோட்டுல எழுதி எடுத்துட்டு வந்து லேப்ல அடிச்சவ." தாள்களை மேசை மேல் வைத்தாள். "விலகணும்னு நெனைக்கிறவங்க வந்து எடுத்துக்கலாம். சொந்த விருப்பம்னு எழுதினா, அது உங்களோடதா இருக்கணும்."

காஜா மைதீன் மட்டும் வந்தான். "எனக்கு இதெல்லாம் புடிக்கல மேம். மாமா கடையில உக்காரப் போறேன், ஆபீஸ் கோர்ஸ்தான் சரி." நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். வீரமலை மத்தியானப் பஸ்ஸைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்றரைக்கு வேணி துறைத் தலைவர் அறைக்குப் போனபோது அவர் முகம் ஏற்கெனவே சிவந்திருந்தது. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

"என்னை மணமகள் அறைன்னு சொல்லிச் சிரிச்சாங்களாமே?"

"அந்தப் பக்கம் அப்படித்தான் சார் சொல்லுது. திருத்தித் தரோம்."

அவர் தாள்களைப் புரட்டினார். "ஒண்ணுலதானே எழுதியிருக்கு?"

"சொந்த விருப்பம் இருந்தது ஒருத்தருக்குத்தான் சார்."

"நீங்க தூண்டி விட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

ஆமாம் என்று சொல்வாள் என அவர் எதிர்பார்க்கவில்லை. குரல் ஏறியது. "இருபத்தினாலு சிஸ்டம். நாப்பத்திரெண்டு பேர். மடியில உக்கார வெப்பீங்களா?"

"ரெண்டு பேட்ச் போடறேன். ஒரு பேட்ச்சுக்குக் காலேஜ் தொடங்கறதுக்கு முன்னாடியே வந்துடறேன்."

"ரிசல்ட் விழுந்தா?"

"என் பேரைப் போடுங்க."

"உங்க பேர் அடுத்த செமஸ்டர்ல இருந்தாத்தானே?"

வேணி மேசை மேலிருந்த ஃபைலைக் காட்டினாள்.

"ஃபைல் உங்ககிட்டதான் சார் இருக்கு. என்ன எழுதணுமோ எழுதுங்க. ஆனா அதை என்னோட சொந்த விருப்பம்னு மட்டும் எழுதாதீங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கடிதம் இல்லாமல் யாரையும் நீக்க வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். வெப் டிசைனில் சேர்ந்த நாற்பத்துமூன்று பேர் பட்டியலை எடுத்து, காஜா மைதீன் பெயரை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு வேணியின் ரினிவல் தாளை ஃபைலிலிருந்து உருவி, இழுப்பறையில் போட்டு மூடினார்.

வேணி வெளியே வந்து, யாரையும் கேட்காமல் அறிவிப்புப் பலகையில் எழுதினாள்: முதல் பேட்ச், காலை எட்டு மணி.

"எட்டுக்கு நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுலகூட இறங்கியிருக்க மாட்டேன் மேம்" என்றான் வீரமலை.

"எப்ப இறங்குவ?"

"எட்டு பத்து. அங்கேர்ந்து டவுன் பஸ் ஏறி, பாலக்கரை தாண்டி..."

எட்டை அடித்துவிட்டு எட்டரை என்று எழுதினாள்.

"லேப் சாவி சார்கிட்டல்ல இருக்கு மேம்?" என்றாள் சகாயராணி. "தரலேன்னா?"

"வராண்டாவுல உக்காந்து எழுதுவோம். நோட்டு எடுத்துட்டு வா."