முடிக்க மனம் வராத முகம்

கணவர் இறந்துபோன பிறகு அந்தச் சிற்பியிடம் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேச ஆளில்லை. எப்ப முடியும், எப்ப அனுப்புவீங்க, அவ்வளவுதான். அதனால் ஊரே கொண்டாடும் ஓவியர் தன் மார்பளவுச் சிலைக்காகப் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தபோதும் அவள் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

ஓவியரோ வாயைத் திறந்தால் மூடமாட்டார். வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன் செய்யும் மெழுகு உருவத்தில் முதலில் மூக்குதான் உருவானது.

"எனக்கு இவ்வளவு பெரிய மூக்கா? இத்தனை வருஷமா ஒருத்தனும் சொல்லலையே!"

"சொல்ற தைரியம் யாருக்கு ஐயா இருக்கு?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

மெழுகு சொன்னபடி கேட்டது. நெற்றி, கன்னம், தாடை என்று எல்லாம் கூடி வந்து, ஒரு சாயங்காலம் வேலை முடிந்தேவிட்டது. அவர் கிளம்பியதும் வெகுநேரம் சிலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கத்தியைச் சூடுகாட்டி இடது கண்ணிமையை வழித்தெடுத்தாள்.

"கண்ணு சரியா அமையலை ஐயா. இன்னும் கொஞ்ச நாள் வரணும்" என்றாள் மறுநாள்.

"அதுக்கென்ன, வந்தா போச்சு."

இமை சரியானதும் உதட்டைக் கெடுத்தாள். உதட்டுக்குப் பிறகு கழுத்து, திரும்பவும் உதடு. கத்தியை எடுக்கும்போதெல்லாம் திருடப் போகிறவளைப் போல வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். காலையில் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் எல்லாம் மறந்துபோகும்.

ஒருநாள் அவர் பேச்சை நிறுத்தினார். "உதடு நேத்து நல்லாத்தானே இருந்தது?"

அவள் குனிந்து கத்தியைத் துடைத்தாள்.

"முகத்தைப் பாத்தே கிழவனானவன் நான். எங்கிட்டயேவா?"

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் படம் கேட்டு வர்றவங்கம்மா. சும்மா பேச இங்கதான் ஆள் இருக்கு. ஆனா இன்னிக்கு முடிச்சிடு. எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. என் பொண்ணு அவ ஊருக்குக் கூட்டிட்டுப் போறா. தனியா இருக்க விடமாட்டாளாம்."

அன்றே முடித்தாள். அவர் எழுந்து வந்து சிலையைச் சுற்றிப் பார்த்தார். "பாவி, என்னைவிட நல்லா இருக்கான்" என்றார். சிரிக்க நினைத்தாள், முடியவில்லை.

வெண்கலம் வார்க்கும் இடத்தில் மெழுகைச் சுற்றி மண் பூசினார்கள். சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றுவார்கள்.

"இருந்து பாத்துட்டுப் போங்களேன் அக்கா" என்றார் வார்ப்புக்காரர்.

"வேண்டாம். நீங்க பாத்துக்குங்க."

பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆளில்லாத பட்டறைக்கு இறங்கவேண்டிய இடம் வந்தது, போனது. அவள் எழவில்லை.

"கடைசி ஸ்டாப்மா, இறங்கலையா?" என்றார் கண்டக்டர்.

"இதே வண்டி திரும்பிப் போகும்தானே?"

"அரைமணி ஆகும்."

"பரவாயில்ல" என்றாள்.