தோற்றவர்கள் தங்கும் வீடு

எங்கள் ஊரில் ஒரு கால்பந்து அணி தோற்றால், அதன் வீரர்களை ரசிகர்கள்தான் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி ஜெயிக்கும்வரை சோறு போடுவதும் படுக்க இடம் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. ரசிகர் வீடு கிடைக்காத அணியைக் கலைத்துவிடுவார்கள்.

நான் துறைமுகம் ஸ்டார்ஸ் ரசிகன். நான் ஏறின பஸ் பாதி வழியில் நின்றுவிடும். அப்படிப்பட்டவன் தேர்ந்தெடுத்த அணி வேறெப்படி இருக்கும்? சீசன் தொடக்கத்தில் மரியதாஸ் என்ற தடுப்பாட்டக்காரர் மட்டும் எங்கள் வீட்டில் இருந்தார். ஒவ்வொரு தோல்விக்கும் ரசிகர்கள் சிலர் புறநகர் ஈகிள்ஸ் பக்கம் போக, அவர்கள் வீட்டில் இருந்தவர்கள் எங்களிடம் வந்தார்கள். கடைசியில் பதினோரு பேரும் எங்கள் ஹாலில் படுத்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே ரசிகன் நான்.

கட்சி மாறத் தெரியாதவன் இல்லை நான். ஈகிள்ஸ் ரசிகராகச் சேரப் போனேன். வரிசை மேம்பாலம் வரை நின்றது. வெயில் தாங்காமல் திரும்பிவிட்டேன். வெளியில் இதைத்தான் விசுவாசம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

மைதானத்தில் எப்படியோ, வீட்டிலும் அவர்கள் அப்படியே இருந்தார்கள். வாசலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், கோல்கீப்பர் பாஸ்கரன் இடப்பக்கம் பாய்வார். நன்கொடை கேட்பவர்கள் வலப்பக்கமாக உள்ளே வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பூனை தினமும் நான்கு பேரைத் தாண்டிப் போய் வறுத்த மீனைத் தூக்கியது. நால்வரும் கையைத் தூக்கி, அது ஆஃப்சைடு என்று என்னைப் பார்த்தார்கள். நானும் ஆமாம் என்றேன்.

என் மனைவி பிலோமினா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம ஈகிள்ஸோட மேட்ச். அதுலயும் தோத்தா, இவங்களோட நீங்களும் கெளம்பிடுங்க."

அவள் சொன்னால் செய்வாள். எனக்குப் பயமாக இருந்தது. ரசிகனுக்கே வீடு இல்லையென்றால் அணிக்கு ஏது வீடு? ஆனாலும் நான் செய்ததெல்லாம் அதிர்ஷ்டச் சட்டையைத் துவைத்துப் போட்டதுதான். பூனையைக் கவனித்தது அவள்.

"மரியதாஸு, பூனைய பாக்காத. மீன பாரு."

"சரிக்கா."

"பாஸ்கரு, அது எங்க போவும்னு நீயே முடிவு பண்ணாத. அது கால் வைக்கட்டும், அப்பறம் பாய்."

சனிக்கிழமை பூனை மூன்று முறை வந்து, வெறும் வாயோடு திரும்பியது. அன்று எனக்கும் ஒரு துண்டு மீன் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஈகிள்ஸ் முன்கள வீரர்கள் எத்தனையோ முறை பாய்ந்து வந்தார்கள். எங்கள் ஆட்கள் அடுப்படி வாசலில் நிற்பதுபோல் நின்றார்கள். ஒரு கோலில் ஜெயித்தோம்.

அன்று மாலையே பழைய ரசிகர்கள் மாலையும் மேளமுமாக வந்தார்கள். ஜெயித்த வீரரை யார் வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம். மரியதாஸை மட்டுமாவது விட்டுப் போங்கள் என்று கேட்டேன். "அவருக்கு ஏசி ரூம் போட்டாச்சு சார்" என்றார் ஒருவர். மரியதாஸ் ஆட்டோவிலிருந்து கையாட்டினார். அவர் போர்வை எங்கள் கொடியிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

இத்தனை காலம் காத்திருந்த வெற்றி வந்த அன்று நான் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் என்று பிலோமினாவிடம் சொன்னேன். அவள் பெரிய பானையைக் கழுவி, பரண்மேல் வைக்க மனமில்லாமல், அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம். பிலோமினாவின் தம்பி ஜஸ்டின். பின்னால் ஈகிள்ஸ் வீரர்கள் பாயும் பையுமாக நின்றார்கள். ஒரே தோல்வியில் மேம்பால வரிசை கலைந்துவிட்டிருந்தது.

"எங்க ஹால் சின்னது மாமா. ஒங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

"நீ ஈகிள்ஸ் ஆளாச்சேடா?"

"நேத்துலேருந்து நா ஸ்டார்ஸு."

ஸ்டார்ஸ் சட்டையைத்தான் போட்டிருந்தான். மடிப்புகூடக் கலையவில்லை. நான் கொடியிலிருந்து மரியதாஸின் போர்வையை எடுத்து, குளிரில் நின்ற முன்கள வீரரிடம் கொடுத்தேன். அந்த நிமிடத்திலிருந்து நான் ஈகிள்ஸ் ரசிகன். வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

பிலோமினா எட்டிப் பார்த்தாள்.

"கோல்கீப்பரு யாரு?"

ஒருவர் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"அடுப்படி வாசல்ல போய் நில்லு. பூன வர்ற நேரம்."

எல்லோரும் உள்ளே போனபின் வாசலில் இன்னொருவர் மட்டும் பையுடன் நின்றார். நேற்றைய ஆட்டத்தின் நடுவர். அவருக்கு எந்தக் காலத்திலும் ரசிகர் இருந்ததில்லை. பிலோமினா பானையில் இன்னொரு டம்ளர் அரிசி போட்டாள்.