குழாயடிப் பேச்சு

அந்தத் தையல் ஆலையில் பொத்தான் வைப்பவளுக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு காது போய்விட்டது. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். இந்தச் சங்கதி எப்படியோ மேனேஜர் காதுக்கு எட்டியது. ஒரு மதியம் அவளைத் தன் அறைக்கு அழைத்து, சுவரில் இருந்த திரையைக் காட்டினார். குழாயடியில் இரண்டு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கேமராவில் படம் விழும், சத்தம் விழாது. என்ன பேசுகிறார்கள் என்று அவள் சொல்ல வேண்டுமாம்.

அதில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரே வீட்டில் இருந்தும் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது.

உதடுகள் தெளிவாகவே தெரிந்தன. கழிவறை வாசலில் புதிதாக மாட்டிய கேமராவைக் கழற்றாவிட்டால் சனிக்கிழமை ஒரு மெஷினும் ஓடாது என்றாள் நாத்தனார். யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்றும் அடுக்கினாள்.

பொத்தான்காரி மேனேஜர் பக்கம் திரும்பினாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"என்னைத்தான் சார் திட்டுறாங்க. அவ என் நாத்தனார்."

மேனேஜர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆளனுப்பி நாத்தனாரை வரவழைத்தார். வந்தவள் திரையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. பொத்தான்காரிக்கு ஜாடை காட்ட வழியில்லை, மேனேஜரின் கண் இவள்மேலேயே இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"குழாயடியில நின்னு என்னைப் பத்தி என்னடி பேசின? சார்கிட்டயும் சொல்லு."

நாத்தனார் ஒரு நொடி விழித்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"ஆமா, பேசினேன். எங்கண்ணன் எங்கம்மா பக்கத்துல உக்காந்தாலே உங்களுக்குப் பொறுக்காது. காது கேக்கலையேன்னு பாவம் பார்த்தா, வீட்டையே ஆட்டி வைக்கிறீங்க."

இது நடிப்பா நிஜமா என்று இவளுக்குப் புரியவில்லை. கண்ணீர் மட்டும் நிஜமாகவே வந்தது. வீட்டுச் சண்டையை வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லி மேனேஜர் இருவரையும் விரட்டினார்.

படிக்கட்டில் நாத்தனார் ஏதோ கேட்க வாயெடுத்தாள். இவள் சட்டென்று கையால் அந்த வாயைப் பொத்தி, தலைக்கு மேலிருந்த கேமராவைக் கண்ணால் காட்டினாள்.

"இனிமே வாயை மறைச்சுக்கிட்டுத்தான் பேசணும். எல்லார்கிட்டயும் சொல்லு."

அப்படியே ஆயிற்று. மறுநாளிலிருந்து பெண்கள் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்தே பேசினார்கள். மேனேஜர் மறுபடி கூப்பிட்டபோது, ஒன்றும் தெரியவில்லை என்று அவள் உண்மையையே சொன்னாள். சாப்பாட்டு வேளையில் அவர்கள் நடுவே உட்கார்ந்தும் அவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை, கைக்குக் கீழே மேசையின் அதிர்வு நின்றது. நிமிர்ந்தாள். எல்லா மெஷின்களும் நின்றிருந்தன. நாத்தனார் எதிரே வந்து நின்று, கேமரா பார்க்கப் பார்க்கக் கைக்குட்டையை இறக்கினாள்.

"எழுந்திரிங்க அண்ணி" என்றாள்.